கார்டைக் கேட்க வெட்கப்படாதே மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்துச் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். இங்கே ஐப்பசி மழை விடவே இல்லை, நம்ம மலைநாட்டில் நானுஓயாப் பக்கம் பகலிலேயே பனிமூட்டம், அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியை விட்டு நகர்வதில்லை. இங்கிலாந்தில் இதைவிடக் குளிர் என்கிறாய். சின்னவளுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை, வீடு சூடாகத்தான் இருக்க வேண்டும். பழைய போயிலரைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கேஸ் போயிலர் போடுங்கள், நல்லதுதான். யாரை வைத்துப் போடப்போகிறீர்கள் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் பாதிக் காசுக்குச் செய்து தருகிறேன் என்றாராம். நம்ம ஆள், ஹட்டன்காரர், தண்ணீர்க் குழாய் வேலையெல்லாம் சுத்தமாகச் செய்வார் என்றாய். நம்புகிறேன். கேஸ் வேலைக்கு அவரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதை எப்படிப்பா அவர்கிட்ட கேக்கிறது, தப்பா நினைப்பாரு" என்றாய். அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காய வைக்கிற டிரையர் அடுப்புக்கு 26 வருஷம் விறகு தள்ளியவன். அந்த அடுப்பில் புகை போகிற வழி வேறு, தேயிலைக்குச் சூடான காற்று போகிற வழி வேறு, நடுவில் இரும்புக் குழாய்கள்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். அதில் ஒன்று ஓட்டையாகிப் புகை கொஞ்சம் தேயிலையில் பட்டாலும் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்து அடுப்பை நிறுத்தச் சொல்லிவிடுவார். உன் போயிலரும் அதே மாதிரிதான். உள்ளே எரிகிற கேஸின் புகை அதற்கான குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விட வேண்டும், சூடு மட்டும் தண்ணீரில் ஏறி ரேடியேட்டருக்கு வர வேண்டும். அந்தக் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் விட்டாலோ, காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தாலோ, கார்பன் மொனொக்சைட் என்ற விஷ வாயு வீட்டுக்குள் வந்துவிடும். புகைபட்ட தேயிலையை நாக்கு காட்டிக்கொடுத்தது, இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்காருகிற இடத்தில் இது போய், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

நீ புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப்போன தை மாதம். நீ படிக்கிற இடம் சூடாக இருக்கட்டும் என்று நான்தான் அடுப்புத் தணலைத் தாச்சியில் அள்ளி வந்து லயத்துக் காம்பராவுக்குள், நம்ம ஒற்றை அறைக்குள், வைத்தேன், காற்று வரக்கூடாது என்று கதவுக்கு அடியில் சாக்கையும் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றாய். படிக்கக் கள்ளம் என்று நினைத்து அதட்டினேன். அப்புறம் வாந்தி எடுத்தாய், கொப்பியின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. பக்கத்துக் காம்பராப் பாட்டிதான் சத்தம் கேட்டு வந்து கதவைத் தள்ளி உன்னை இழுத்துக்கொண்டு போய் வாசலில் கிடத்தினாள், வெளிக்காற்று பட்டுத்தான் கண்ணைத் திறந்தாய். அன்று தணலிலிருந்து வந்து உன்னைச் சாய்த்ததும் இதே வாயுதான். அந்தக் கொப்பியை அம்மா இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். பாதிக் கணக்கில் பென்சில் கோடு கோணலாகக் கீழே இறங்கிப் போயிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

தம்பி போனில் தேடி உங்கள் ஊர்ச் சட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். அங்கே கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்று ஒரு பதிவு இருக்கிறது, 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக வந்தது. அதில் பேர் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு கேஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம். பதிவு உள்ளவரிடம் படம் ஒட்டிய கார்டு இருக்கும், முன்பக்கம் இலக்கமும் முடிகிற திகதியும், பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பதும் இருக்கும். பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பார், அடுப்புக்குத் தகுதி உள்ளவருக்குப் போயிலருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இலக்கத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று சொன்னாயே, வேலையை அவரே செய்துவிட்டு, கார்டு உள்ள யாரையாவது கூட்டி வந்து கையெழுத்து வாங்கித் தருவாராம் என்று. அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது மகள். தான் செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? அந்த மனுஷரைச் சும்மா அனுப்பவும் வேண்டாம். ரேடியேட்டர் மாட்டுவது, தண்ணீர்க் குழாய் இழுப்பது எல்லாம் அவருக்கே கொடுங்கள், நியாயமான கூலியும் கொடுங்கள். போயிலர், கேஸ் குழாய், புகைக் குழாய், இந்த மூன்றும் கார்டு உள்ளவர் கையால்தான் நடக்க வேண்டும். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எங்க அப்பா பிடிவாதமா நிக்கிறாரு" என்று பழியை என் மேல் போட்டுவிடு. நல்ல மனுஷன் என்றால் புரிந்துகொள்வார்.

கார்டு உள்ளவர்களிலும் இரண்டு மூன்று பேரிடம் விலையை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை வந்து பார்க்காமல், எத்தனை அறை, எத்தனை ரேடியேட்டர் என்று கேட்காமல், போனிலேயே விலை சொல்கிறவர் வேண்டாம். வேலை முடிந்தால் கட்டட விதிப்படி நடந்தது என்ற சான்றிதழ் வரும், பதிவு உள்ளவர் அறிவித்தால்தான் வரும். வீட்டை விற்கும்போது அதைக் கேட்பார்களாம், பத்திரமாக வை. வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ், அதைத் தவறவிட்டால் போயிலர் உத்தரவாதமும் போய்விடலாம்.

கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வாங்கு, போயிலர் இருக்கிற அறையில், அதிலிருந்து ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் தூரத்துக்குள். வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் காய்ச்சல் மாத்திரை தேடாதே, போயிலரை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு, அப்புறம் டாக்டரிடம் போ.

கேஸ் மணம் வந்தாலும் அப்படித்தான். 2021 கடைசியில் இலங்கை முழுக்கச் சிலிண்டர் வெடித்த சமயம் நான் தினமும் ரெகுலேட்டரைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு நாள் தவளைக் கண் மாதிரி ஒரு குமிழி மெல்ல எழும்பியது, அன்றே டியூபை மாற்றினேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். உங்கள் குழாய்க் கேஸ் லேசு, மேலே ஏறும். நீ சோப்பு போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்காதே, சுவிட்ச் எதையும் தொடாதே. ஜன்னலைத் திற, மீட்டர் பக்கத்தில் இருக்கிற வால்வை மூடு, வெளியே வந்து உங்கள் ஊர்க் கேஸ் அவசர இலக்கம் 0800 111 999க்கு அடி. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

காசு இடிக்கிறது என்றால் மறைக்காமல் சொல். இபிஎஃப் காசில் கொஞ்சம் அப்படியே இருக்கிறது, தம்பி அனுப்பி வைப்பான். ஆள் வருகிற அன்றைக்குக் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் விழித்திருந்து பார்ப்பேன்.

அப்பா