பர்ஜ் வால்வையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் கார் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஸ்டார்ட் ஆனாலும் உதறுகிறது, சிக்னலில் அணைந்துவிடுகிறது என்பவர்கள் இப்போதெல்லாம் நேராக எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் திட்டுகிறார்கள். எத்தனால் பற்றிய எல்லாப் புகாரும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டேங்க் நிரப்பிய கையோடு மட்டும் தொல்லை கொடுத்து, கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி சரியாகிவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பர்ஜ் வால்வு.

டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கேனிஸ்டர் என்ற கரி நிரப்பிய டப்பாவில் தங்கும். இன்ஜின் சூடான பிறகு இந்த வால்வு திறந்து திறந்து மூடி, அந்த ஆவியை அளவாக இன்ஜினுக்கு அனுப்பி எரிக்க வைக்கும். மூடாமல் ஒட்டிக்கொண்டால், பெட்ரோல் போடும்போது சேர்ந்த ஆவி ஸ்டார்ட் செய்யும்போதே மொத்தமாக உள்ளே போகும், இன்ஜின் திணறும். கேனிஸ்டரில் ஆவி தீர்ந்த நேரத்திலோ, அதே வழியாகக் கணக்கில் இல்லாத காற்று புகுந்து ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஆடும். வால்வின் ஒயர் அறுந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும்; ஆனால் இப்படி ஒட்டிக்கொண்டால் பல வண்டிகளில் விளக்கு எரியாமலே போய்விடும். அதனால்தான் பிளக், இன்ஜெக்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பில் ஏறுகிறது, உதறல் மட்டும் நிற்பதில்லை.

சோதிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சவே கூடாது. உறிஞ்சினால், ஒயர் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் விடாமல் உறிஞ்சினால், வால்வு போய்விட்டது. திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது.

பெட்ரோல் வாசனை வந்தால் வேறு கதை. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கலாம், எலி குழாயைக் கடித்திருக்கலாம். கண்ணில் படாத கசிவென்றால் குழாய்க்குள் புகை செலுத்திப் பார்க்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது.

பங்க் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாசில் தானாக நின்ற பிறகும் தொகை ரவுண்டாக வரட்டும் என்று விட்டு விட்டு அழுத்துவதை உங்கள் ஊழியர்கள் நிறுத்த வேண்டும். மேலே வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கிக் கரியைப் பாழாக்கிவிடும், அப்புறம் புதிதாக மாற்றும் செலவு வண்டிக்காரர் தலையில்தான். சில்லறைக் கணக்குக்கு இப்போது ஜிபே இருக்கிறதே.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
திண்டுக்கல்