முகாம் என்றால் ஓய்வா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் (1861–65) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், சண்டை இல்லாத மாதங்களில் வீரர்கள் முகாமில் ஓய்வெடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

1861இல் பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு ஏது ஓய்வு? விடியும்போதே முரசு கொட்டும், எழுந்து ஓடி ஆஜர் கொடுக்க வேண்டும். அப்புறம் டிரில். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் டிரில். இடையில் விறகு வெட்டணும், தண்ணீர் சுமக்கணும், கக்கூஸ் குழி தோண்டணும், முறை வந்தால் ராத்திரி காவலுக்கும் நிற்கணும். தின்னக் கிடைத்தது மாவும் தண்ணீரும் பிசைந்து சுட்ட, கல்லு மாதிரியான ஹார்ட்டாக் பிஸ்கட். காபியில் போட்டால் அதற்குள் இருக்கும் வண்டுகள் மேலே மிதந்து வரும். வழித்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள். அந்தக் காபிக்கொட்டையையும் துப்பாக்கிக் கட்டையால் இடித்துக்கொள்வார்கள். வடக்குப் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், அதுவும் பல மாதம் தள்ளி வரும். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தார்கள். சம ஊதியத்துக்குச் சட்டம் வர 1864 ஜூன் ஆயிற்று. அதுவரை சம்பளத்தைத் தொடவே மறுத்த படைப்பிரிவுகள் உண்டு. இதில் ஒரு வரியாவது கட்டுரையில் இருக்கிறதா?

வடக்குத் தளபதி கிரான்ட் படமும் தெற்குத் தளபதி லீ படமும் இருக்கின்றன. கெட்டிஸ்பர்க் போர்க்கள வரைபடம் முழுப்பக்கம். போர் என்றாலே உங்கள் இதழில் தளபதிகளும் அம்புக்குறிகளும்தான். முன்பும் ஒருமுறை இதையே எழுதினேன். கடிதம் இதழில் வரவில்லை, பதிலும் இல்லை. இடம் இருந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தாங்கள் அறியாததா? அந்தப் போரில் செத்தவர்கள் சுமார் 6,20,000 பேர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயில் போனவர்கள். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, தட்டம்மை. குடிக்கிற ஓடைக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி. அதுவரை கூட்டத்தையே பார்க்காத கிராமத்துப் பையன்களை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் அடைத்தால் அம்மை சும்மா விடுமா? தாங்கள் ஓய்வு என்று அச்சிட்ட இடத்தில்தான் அவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, என் கூடாரத்தில் என்னோடு படுத்திருந்த பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கெட்ட தண்ணீர்தான் காரணம். எங்கள் முகாமைச் சுற்றி அந்த வருடம் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. கண் மஞ்சளாகிக் கிடந்தவன், மற்றவர்களுக்கு ஒட்டிவிடப் போகிறது என்று தன் தகர மக்கைத் தானே ஒரு மூலையில் தனியாக எடுத்து வைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் பெட்டியை வீட்டில் சேர்க்க நான்தான் போனேன். "எந்தச் சண்டையிலப்பா?" என்று அவன் அம்மா கேட்டார்கள். வாயைத் திறக்க முடியவில்லை எனக்கு. இன்றும் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில், "உனக்கென்ன, சண்டையே இல்லாத காலத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தவன்" என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, போகட்டும். தாங்களும் அதையேதான் அச்சிட வேண்டுமா?

அடுத்த இதழில் திருத்தம் என்று இரண்டு வரி போடுங்கள். "ஓய்வெடுத்தனர்" என்பதை எடுத்துவிட்டு, நோயில் இறந்தவர்கள் கணக்கைச் சேர்த்தால் போதும். என் கடிதத்துக்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் படைவீரன்