ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனையும் தமிழில் விளக்கமும் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்கள்,
சுகாதார அமைச்சு, சிங்கப்பூர்.

அனுப்புநர்:
ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2021-2022 தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூரில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேலாக உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் பிரஷரை இன்னும் ஏற்றும் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கலாம் என்பதால் இரண்டுமே வேண்டும்.

எங்களில் ஒருவரின் தாயாருக்கு வந்த முடிவுத் தாளில் ஆல்புமின் வரிக்குப் பக்கத்தில், அளவு சரியில்லை என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள், வறட்டு இருமல் வந்ததும் தானாகவே நிறுத்திவிட்டார். அந்த மாத்திரைக்கு இருமல் வருவது உண்டு, மருத்துவரிடம் சொன்னால் லொசார்ட்டான் போல வேறொன்றுக்கு மாற்றுவார், இரண்டுமே சிறுநீரகத்தையும் காக்கும் என்று யாராவது தமிழில் சொல்லியிருக்கலாம். போதாததற்கு முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு. அதுவும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ஆகவே, பலதுறை மருந்தகங்களிலும் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் உள்ள மருந்தகங்களிலும் ரத்தக்கொதிப்பு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் இந்த இரண்டு பரிசோதனைகளும் தவறாமல் நடக்க ஆவன செய்யுங்கள். முடிவோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: எண் என்ன, அதன் பொருள் என்ன, எந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, எந்த வலிமாத்திரை ஆகாது, அடுத்த பரிசோதனை எப்போது. உப்பைப் பற்றிச் சொல்லும்போது ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று எங்கள் தட்டில் இருப்பதைச் சொல்லுங்கள். அப்போதுதான் பாட்டிமார் கேட்பார்கள்.

தமிழ் பேசும் தாதி இல்லாத இடங்களில் தொலைபேசி வழியாகவாவது விளக்கம் கிடைக்க வேண்டும். தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்களுக்கும் இதே வசதி தேவை. வீட்டுக்கு அனுப்பும் பணத்தை நினைத்தே அவர்களில் பலர் உடம்பைக் கவனிப்பதில்லை.

அந்த ஒரு பக்கத்தை எளிய தமிழில் எழுதவும், பெரியவர்களிடம் வாசித்துக்காட்டிப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லவும் நாங்கள் தயார். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்