வயரிங் வேலைக்கு ஆள் தேடும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பின்பக்க அறையைச் சமையலறையாக மாற்றப் போவதாகவும், கூடவே ஏசியும் வாட்டர் ஹீட்டரும் பொருத்த எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. எங்கள் வீட்டு வயரிங் வேலை ஒருவழியாக முடிந்து, வர்ணமும் அடித்தாகிவிட்டது. எலக்ட்ரீஷியனை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். பதில் அவ்வளவு சுருக்கமாக அமையாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தவர் கூடத்தில் நின்றபடியே பாயிண்டுகளை எண்ணி, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பெருக்கித் தொகையைச் சொல்லிவிட்டார். அடுத்து வந்தவர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. மீட்டரிலிருந்து வரும் மெயின் வயரின் தடிமன் என்ன, எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு வயர்) எங்கே இறக்கப்பட்டிருக்கிறது, எந்தெந்தச் சாதனங்கள் ஒரே நேரத்தில் ஓடும் என்று கேட்டுக்கொண்டே வந்து, ஒரு சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, மதிப்பீட்டை எழுதித் தருவதாகச் சொல்லிப் போனார். உரிமம் உண்டா என்று இருவரிடமும் கேட்டேன். இவர் அட்டையைக் காட்டினார், முன்னவர் தம் அனுபவத்தைச் சொன்னார். அனுபவம் பெரிதுதான். ஆனால் வேலையில் கோளாறு வந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உரிமம் பெற்றவருக்கு இருக்கிறது என்பதால் என் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. அட்டையைக் காட்டினால் காலாவதித் தேதியையும், வீட்டு வயரிங் செய்ய அந்த உரிமம் இடம் கொடுக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டாமவர் கழற்றிய போர்டில் ஒரு கோளாறு அகப்பட்டது. முன்பு எவரோ வேலை செய்தபோது, எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டின் எர்த் முனையை ஒரு துண்டு வயரால் நியூட்ரலோடு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரோடு, இணைத்து வைத்திருந்தார். சாதனங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. ஆகவே யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆனால் வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்துவிட்டால், சாதனத்தின் ஊடாகத் திரும்பிப் போக வேண்டிய மின்சாரம் அந்தத் துண்டு வயர் வழியே அதன் உலோக உடலுக்கு வந்து நிற்கும். அப்போது ஃபிரிட்ஜின் கதவைத் தொடுவதும் மின்சாரம் வரும் பேஸ் வயரைத் தொடுவதும் ஒன்றுதான். சாக்கெட்டில் எர்த்துக்கான மூன்றாவது துளை வெறுமையாக இருந்திருந்தால்கூட இந்த ஆபத்து வந்திருக்காது. தெரிந்தே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும்போது ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும்; நானும் கேட்டேன். எம்சிபியின் வேலை வயரைக் காப்பது. 6 ஆம்பியர் எம்சிபிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு பொருட்டே அல்ல; மனித உடலில் அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையும் அபாயம் உண்டு. பேஸ் வழியே போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று ஆர்சிசிபி ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, வித்தியாசம் தென்பட்டதும் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஆட்களைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். அதற்கு மேற்பட்ட எண் கொண்டதை மலிவு என்று யாராவது பரிந்துரைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்றால் அதைப் பெரிதாக மாற்றிவிடலாம் என்று சொல்பவரையும் அத்துடன் அனுப்பிவிடலாம். விளக்குகளுக்காகப் போட்ட மெல்லிய வயரில் பெரிய எம்சிபியை மாட்டினால், விழ வேண்டியது விழாது, சுவருக்குள் வயர்தான் சூடேறும். உங்கள் வாட்டர் ஹீட்டர் 3000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் ஏசிக்கும் டிபியிலிருந்தே (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனித்தனி லைன் வர வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கடைசித் தவணையைச் சோதனைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டெஸ்டர் எரிகிறது என்று காட்டுவது சோதனை ஆகாது. சாதனங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு மெகர் என்ற அளவு கருவி கொண்டு 500 வோல்ட்டில் அளந்தால், காப்புத்தடை (வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறன்) 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். எர்த் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் வந்து சேர்கிறதா என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இவற்றை அவர் நான் கேட்காமலே செய்து, அளவுகளை ஒரு தாளில் குறித்து, டிபியின் கதவுக்குள் ஒட்டிவிட்டுப் போனார். சுவரைப் பூசுவதற்கு முன் பைப்புகள் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது உதவும்.

உங்களுக்கு மதிப்பீடு கிடைத்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். தொகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வயரின் அளவும், ஆர்சிசிபியின் எண்ணும், சோதனையைப் பற்றிய ஒரு வரியும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துப் பதில் எழுதுகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்