கரண்ட் வைத்த வயிற்றுக்கு என்ன சமைப்பது?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக எனக்கு 25 நாள் கரண்ட் வைத்தார்கள். வாரத்துக்கு 5 நாள், 5 வாரம். நீங்கள் கதிர்வீச்சு என்பதை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வோம். பிழைத்து எழுந்தேன், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எங்களைத் தனியாக விட்டுவிடுகிறீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது வாரம் பேதி ஆரம்பித்தது. நாளைக்கு ஏழெட்டு தடவை. மருத்துவமனைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நடுவழியில் இறங்கி ஒரு பெண் எங்கே போவாள்? அதனால் காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். வெளிக்குப் போவது எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கொடுத்த தாளில் ‘நார்ச்சத்து குறைந்த உணவு உண்ணவும்’ என்று ஒரே வரி. என் அடுப்படியில் எது அது? பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உடம்பு தேறட்டும் என்று பாலும் முளைகட்டிய பயறும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்தார்கள். அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது? பால் குடித்த அரைமணியில் வயிறு கலக்கும். கதிர் பட்ட சிறுகுடலில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோகலாம், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பேதி குறைந்தும் பயம் போகவில்லை. எட்டு மாதம் ரசம் சாதமும் ஜவ்வரிசிக் கஞ்சியும்தான். 11 கிலோ இளைத்தேன். இனி இதைச் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்ல ஆளில்லை.

அப்புறம் வேறு ஊரில் ஓர் உணவு ஆலோசகரைப் பார்த்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார், அதை மறக்க மாட்டேன். ஒரு நோட்டு போடச் சொன்னார். சாப்பிட்டது இடப்பக்கம், வயிறு இருந்த நிலை வலப்பக்கம். நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டாம். தண்ணீரில் ஊறிக் குழகுழப்பாவது மலத்தைச் சேர்த்துப் பிடிக்கும். தோலும் சக்கையுமாக இருப்பது குடலை விரட்டும். குழைய வேகவைத்த கேரட், பூசணி, வாழைப்பழம் எனக்குச் சரியாக இருந்தன. கீரைத்தண்டும் கொண்டைக்கடலையும் ஆகவில்லை. மலச்சிக்கலுக்கு என்று நான் நினைத்திருந்த இசப்கோல், இளகிப் போவதையும் கட்டுப்படுத்தும் என்று அவர்தான் சொன்னார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட மறுநாள் அவசரமாகப் போவதற்குப் பித்தநீர் சரியாக உறிஞ்சப்படாதது காரணமாக இருக்கலாம், அதற்கு மருந்தும் உண்டு என்றார்.

லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு பெற்ற 166 பேரிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு, வழக்கம்போல் சாப்பிட்டவர்களைவிடக் குடல் தொந்தரவு குறைவாக இருந்ததாம். இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அப்படியிருக்க, எல்லோருக்கும் ‘நார்ச்சத்தைக் குறை’ என்ற ஒரே வரி போதுமா?

வாரம் ஒருமுறை பார்க்கும்போது வயிற்றைப் பற்றி நீங்களே முதலில் கேளுங்கள். தாளில் இட்லி, மோர், வாழைக்காய் என்று எங்கள் பெயர்களை எழுதுங்கள். பேதியின்போது குடிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பதையும் சேருங்கள். மலத்தில் ரத்தம் பட்டால் மூலம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். அதைச் சாப்பாட்டால் சரிசெய்யப் பார்க்காமல் உடனே வரச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் உணவு ஆலோசகரையும் பார்க்க வையுங்கள்.

அந்தத் தாளைத் திருத்தி எழுதும்போது எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். என் நோட்டு பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்ற பெண்களில் ஒருத்தி