பெட்டியோடு வரும் மைக்கை நம்பிப் பாட முடியாது

ஆசிரியர் அவர்கட்கு,

வைகாசிப் பொங்கல் முதல் பாடசாலைப் பரிசளிப்பு வரை, வன்னியில் எல்லாவற்றுக்கும் வாடகை ஒலிபெருக்கியைத் தேடி ஓடிய காலம் மாறுகிறது. அறநெறிப் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் சில்லுப் பூட்டிய பற்றரி ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் சொந்தமாகவே வாங்குகின்றன. நல்ல காரியம். ஆனால் எத்தனை வாற்ஸ் என்று கேட்டு வாங்குகிறவர்கள் மைக்கைப் பற்றிக் கேட்பதில்லை. பெட்டியோடு சும்மா வரும் வயர்லெஸ் மைக் அறிவித்தலுக்குப் போதும். தேவாரத்துக்கும் கூத்துக்கும் போதாது. உச்சத்துக்குப் போனால் குரல் கரகரக்கும், பற்றரி இறங்கினால் பாட்டு நடுவில் அறும்.

முதலில் வாங்க வேண்டியது வயர் உள்ள டைனமிக் மைக், அதாவது வெளியிலிருந்து மின் கொடுக்கத் தேவையில்லாத வகை. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றும் மேடைகளில் நிற்பதற்குக் காரணம், புழுதியையும் வியர்வையையும் விழுந்தடிபடுவதையும் அது தாங்குவதுதான். சென்ஹைசர் இ835உம் அந்த இனமே. சந்தையில் போலிகள் உண்டு. அசல் 58 ஏறத்தாழ 300 கிராம் நிறை. கையில் இலேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கண்டென்சர் என்ற மற்ற வகை மைக்குக்கு மிக்சரிலிருந்து 48 வோல்ற் மின் போக வேண்டும். சில்லுப் பெட்டிகள் அனேகமானவற்றில் அந்த வசதி இல்லை, மைக் ஊமையாகவே கிடக்கும்.

பெட்டியின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து கீச்சிடும் கூவலுக்குப் பெட்டியைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் பிழை, மைக்கும் பெட்டியும் ஒன்றையொன்று பார்க்கும் கோணத்தில்தான் இருக்கிறது. 58, இ835 போன்றவை கார்டியோயிட், அதாவது முன்புறச் சத்தத்தையே கூடுதலாகக் கேட்கும் மைக். அதற்கு நேர் பின்புறம்தான் செவிடு. ஆகவே பாடகர் கேட்பதற்கான மொனிற்றரை அவருக்கு நேர் முன்னால், மைக்கின் வாலுக்கு எதிரே வைக்கலாம். பீற்றா 58ஏ, இ845 போன்ற, இன்னும் ஒடுங்கிக் கேட்கும் சூப்பர் கார்டியோயிட்டுக்குச் செவிட்டு இடம் முன்புறத்திலிருந்து இரு பக்கமும் 126 பாகையளவில் இருக்கிறது. மொனிற்றரைச் சற்று மூலைக்குத் தள்ள வேண்டும். இது தெரியாமல் வைத்தால் விலை கூடிய மைக்தான் முதலில் கூவும்.

ஒரே பெட்டிதான் என்றால், பாடகருக்கு இரண்டு மூன்று மீற்றர் முன்னால், சபையைப் பார்த்தபடி, 35 மில்லிமீற்றர் கம்பத்தில் தலைக்கு மேலே ஏற்றுங்கள். பின்னால் வைத்தால் மைக்கின் வாய் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இளம் பாடகர்கள் கம்பி வலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இன்னொரு வினை. வலைக்குள் பின்னாலிருக்கும் துவாரங்கள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும். தண்டைப் பிடிக்க வேண்டும், வாயிலிருந்து இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தில். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டுவார்கள், உடனே கூவும். மிக ஒட்டிப் பாடினால் அடித்தொனி பொங்கும். பெட்டியில் பாஸைக் குறைத்தால் சரி.

திறந்திருக்கும் மைக் இரட்டிக்க இரட்டிக்க, கூவாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபெல் வீதம் குறைகிறது. கூத்துக்கு ஆறு மைக்கைத் தொங்கவிடுவதைவிட, மேடை முகப்பில் இரண்டும் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு ஒன்றும் போதும்.

கேபிள் இரு முனையும் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர் செருகி என்றால் 30 மீற்றர் ஓடினாலும் பயமில்லை. பெட்டியில் 6.35 மில்லிமீற்றர் ஜக் மட்டுமே இருந்தால் 6 மீற்றருக்குள் நிறுத்துங்கள், நீண்டால் ஜெனரேற்றர் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். எக்கோ குமிழைப் பூச்சியத்தில் விடுங்கள். பண்ணிசையில் சொல்லே கேட்காமல் போவது அதனால்தான்.

ஊதியும் தட்டியும் "ஹலோ" சொல்லியும் சோதிப்பதில் பயனில்லை. பாடப்போகிறவர் தன் மேல் சுரத்தைப் பாடிக் காட்டட்டும். மாதமொருமுறை வலையைக் கழற்றி, உள்ளிருக்கும் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் பூட்ட வேண்டும்.

ஒலியமைப்பாளன்,
முள்ளியவளை.