உன் முதல் பேட்ச் திரும்பி வந்தது பற்றி

கண்ணா,

நேற்று ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய பேட்சை, அதாவது அவர்களுடைய நிரலில் நீ செய்த திருத்தத் தொகுப்பை, "மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள்" என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள் என்றாய். தப்பு என்று ஒன்றுமே சொல்லவில்லையே, அப்புறம் ஏன் என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் உன் டிஃப்பைத் திறந்து பார்த்தேன். கோப்பு திறக்காமல் போனால் நிரல் அடுத்த வரியிலேயே விழுந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்து, திறந்ததா என்று பார்க்கிற 4 வரி சேர்த்திருக்கிறாய். எத்தனையோ பேர் கண்ணில் படாதது உன் கண்ணில் பட்டிருக்கிறது; பெருமையாக இருந்தது. ஆனால் போகிற போக்கில் ஒரு வேரியபிளின் பெயரைக் கோப்பு முழுக்க மாற்றியிருக்கிறாய், இரண்டு ஃபங்ஷனை இடம் மாற்றியிருக்கிறாய். நீக்கியதற்கு மைனஸ் வரி, சேர்த்ததற்கு பிளஸ் வரி என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. அந்த 4 வரியைத் தேடிப் பிடிக்க எனக்கே கால் மணி நேரம் ஆனது. ரிவ்யூ செய்பவருக்கு உன்னுடையது மாதிரி இன்னும் பல பேட்ச் வரிசையில் நிற்கும்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு வெளியீடு விட்டதும், சேமித்த கோப்புகள் பாதியில் அறுந்துபோவதாகப் புகார் வந்தது. நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்து வைக்கிற கருவி கிட்; அதில் கெட்ட கமிட்டைத் தேடித் தரும் பைசெக்ட் கட்டளையை ஓட்டினேன். சரியாக இருந்த ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒரு கமிட்டையும் காட்டினால், நடுவில் இருப்பதை அது எடுத்துத் தரும். சோதித்து நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதி கழிந்துவிடும். 1000 கமிட் இருந்தாலும் பத்துத் தடவைக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். அகப்பட்டது நான் போட்ட கமிட். தலைப்பு "சில திருத்தங்கள்", உள்ளே 700 வரி. பைசெக்ட் கமிட்டின் வாசல் வரைதான் கொண்டுவிடும், உள்ளே நாம்தான் தேட வேண்டும். ரிவர்ட் செய்து கமிட்டையே திரும்ப எடுத்துவிடலாம் என்றால், அதே கமிட்டில் இருந்த நல்ல திருத்தங்கள் இரண்டும் சேர்ந்து போய்விடும். இரண்டு நாள் தூங்கவில்லை. உன்னிடம் பிரிக்கச் சொன்னவரும் இப்படி ஒரு ராத்திரியைப் பார்த்தவராகத்தான் இருப்பார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புகிறவர்களுக்கும் இதே விதிதான்: ஒரு பேட்சில் ஒரு மாற்றம். எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கிட் ரீசெட் போட்டு அந்தக் கமிட்டை மட்டும் கலை. கூடவே ஹார்ட் என்று சேர்த்துவிடாதே, எழுதியதெல்லாம் கோப்புகளிலிருந்து போய்விடும். அப்புறம் கிட் ஆட் (git add) கட்டளையோடு மைனஸ் பி (-p) கொடு. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்கும். 4 வரியை மட்டும் எடுத்து ஒரு கமிட், பெயர் மாற்றம் ஒன்று, இடமாற்றம் ஒன்று. ஒவ்வொரு கமிட்டிலும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறதா என்று கட்டாயம் பார். நடுவில் ஒன்று உடைந்திருந்தால் பின்னால் பைசெக்ட் ஓட்டுபவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

என்ன செய்தாய் என்பதை டிஃப்பே சொல்லிவிடும். கமிட் செய்தியில் ஏன் செய்தாய் என்று எழுது: எப்போது விழுகிறது, யாருக்கு விழுந்தது, எப்படி விழ வைக்கலாம். இரண்டாம் பதிப்பு என்று வி2 போட மறக்காதே. முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை பேட்சில் கமிட் செய்தி முடிந்ததும் வருகிற மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுது. ரிவ்யூ செய்பவர் படிப்பார், வரலாற்றில் ஏறாது. அனுப்பிவிட்டு ஒரு வாரமாவது பொறு. மறுநாளே நினைவூட்டாதே.

பிழை திருத்தத்தை வரிசையில் முதலில் வை. மற்ற இரண்டும் வேண்டாம் என்று சொன்னால்கூட, அந்த 4 வரி உள்ளே போய்விடும். பழைய வெளியீடுகளுக்கும் அதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா